ஊரும் பேரும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்தில் கிடைத்த பல்லவச் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த தானத்தைச் சொல்கிறது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று முதலில் வெற்றிப் பெருமை. பிறகு கணக்கு: மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு என்பதுவரை. கூரம் எங்கே இருக்கிறது என்பதையும் அது விடவில்லை. ஊற்றுக்காட்டுக் கோட்டம், அதற்குள் நீர்வேளூர் நாடு, அதற்குள் கூரம். பேரை மட்டும் சொன்னால் போதாது, இடத்தையும் சொல்ல வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

லினக்ஸ் இந்த இடத்துக்கு வந்து சேர 2013 ஆனது.

ஆரம்பத்தில் நெட்வொர்க் கார்டுகளுக்கு கெர்னல் வைத்த பேர் ஈத்0, ஈத்1. எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது ஈத்0, அவ்வளவுதான். இரண்டு கார்டு இருந்தால், ரீஸ்டார்ட் செய்யும்போது பேர் இடம் மாறலாம். உள் நெட்வொர்க்குக்கான அமைப்பு வெளி இணைப்பில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஃபயர்வால் விதிகளே தலைகீழாகிவிடும்.

அடுத்து யூடெவ் வந்தது. ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் ஒரு கோப்பில் எழுதி, பேரை அதோடு கட்டிவைத்தது. கார்டு பழுதாகி மாற்றும்வரை பிரச்சினை இல்லை. மாற்றினால் மேக் முகவரி புதிது. ஈத்0 பழைய கார்டின் பேரிலேயே பதிவாகியிருக்கும், புதியது ஈத்1 ஆகிவிடும். ஐபி முகவரி இருக்கும் கோப்போ இன்னும் ஈத்0-வைத்தான் தேடும். "அப்படி ஒரு சாதனமே இல்லை" என்று பிழை வரும். நான் பார்த்த ஒரு சர்வர் இப்படித்தான் மதர்போர்டு மாற்றிய அன்று நெட்வொர்க்கில் இருந்தே காணாமல் போனது. "கார்டு நல்லாத்தானே இருக்கு" என்று கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்கள். கார்டும் நல்லாத்தான் இருந்தது, கேபிளும் நல்லாத்தான் இருந்தது.

2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197, இருக்கும் இடத்தையே பேராக்கியது. இஎன்பி3எஸ்0 என்றால் ஈதர்நெட், மூன்றாவது பிசிஐ பஸ், பூஜ்யமாவது ஸ்லாட். கோட்டம், நாடு, ஊர் மாதிரியே. அதே ஸ்லாட்டில் வேறு கார்டைச் செருகினாலும் பேர் மாறாது. "ஈத்0 எவ்வளவு சுலபமா இருந்துச்சு" என்று புலம்பியவர்கள் நிறைய. பேர் வாயில் நுழையவில்லை என்பது உண்மைதான்.

இதுவும் நிரந்தரம் இல்லை. புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு செருகினால் பஸ் எண்ணே நகர்ந்து, இஎன்பி3எஸ்0 மறுநாள் இஎன்பி4எஸ்0 ஆகலாம். அதனால் இன்றும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐபி லிங்க் கட்டளை காட்டும் பேரையும், அமைப்புக் கோப்பில் இருக்கும் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பட்டியலில் கார்டே இல்லை என்றால் டிரைவரைப் பாருங்கள். இருந்து, பேர் மட்டும் வேறு என்றால் கோப்பைத் திருத்தினால் போதும். கேபிளைத் தொடுவது அதற்கு அப்புறம்.

பல்லவர் காலத்துக் கோட்டப் பிரிவுகள் இன்றைய நிர்வாகத்தில் கிடையாது. கூரம் இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே இருந்த வரிகள்தான் மாறியிருக்கின்றன.