ஏடும் இசையும் இடமும் தேடிய ஆசிரியர்கள்

தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளையும் பாடநூல்களையும் பதிப்புகளையும் வரிசைப்படுத்துவர். அவற்றை ஆக்கித் தந்த ஆசிரியர்கள் எவ்வழியே சென்றனர், எந்த வண்டியில் ஏறினர், எக்கடலைக் கடந்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. இருப்புப்பாதையும் கப்பலும் கால்நடையும் சேர்ந்து தமிழ்ப் புலமைக்கு என்ன செய்தன என்பதை அறியச் சிலப்பதிகாரம் ஒன்றே போதுமான சான்றாகும். அந்நூலின் ஏட்டையும் இசையையும் இடத்தையும் தமிழுலகம் மீண்டும் பெற்றது மூன்று ஆசிரியர்களின் பயணத்தால்தான். அவற்றுள் ஒரு பயணம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே முடிந்தது என்பது இப்பகுதியினர்க்கு உரிய பெருமையாகும்.

ஏட்டைத் தேடிய பயணம்

உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வகுப்பு நடக்கும் நாள்களில் அவரால் வெளியூர் செல்ல இயலாது. எனவே ஏடு தேடும் பயணங்களுக்குப் பெரும்பாலும் விடுமுறைக் காலமே வாய்த்தது. தென்னாட்டில் அப்போது புதிதாகப் பரவிவந்த புகைவண்டியிலும், அது செல்லாத ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும் பயணம் செய்து, திருநெல்வேலிச் சீமைவரை அவர் ஏடு தேடினார். சீவகசிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும் அச்சேறின. ஓரூரில் கிடைத்த ஏட்டின் சிதைவை மற்றோர் ஊர் ஏட்டைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் அவர் பதிப்புகளில் பல ஊர்களின் பரண்கள் ஒன்றுகூடின எனலாம்.

இருப்புப்பாதையும் கப்பலும்

ஈழத்து ஆசிரியர்கள் இருப்புப்பாதை வருவதற்கு முன்னரே கடல் கடந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848-இல் பள்ளி தொடங்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டே அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் வந்தார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை நிறுவினார். கோப்பாயில் ஆசிரியராய் இருந்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்து, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்தவர் அவரே.

1876-இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் சென்னையிலிருந்து அங்குவரை வண்டியிலும், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் பயணம் நிகழ்ந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. வண்டி தனுஷ்கோடிவரை சென்றது. அங்கே கப்பல் காத்திருந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மீண்டும் புகைவண்டி. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்புவரை செல்ல முடிந்தது. மக்கள் இதனைப் ‘போட் மெயில்’ என்று அழைத்தனர்.

1928-இல் மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் கம்பம் பள்ளத்தாக்கும் இவ்வழியோடு இணைந்தது. இராயப்பன்பட்டியிலிருந்து சாலை வழியே தேனியை அடைந்தவர் ஒருவர் மதுரையில் வண்டி மாறித் தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து ஈழத்துக்கும் செல்லலாம் என்னும் நிலை உருவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னரே அவை மீண்டும் இடப்பட்டன.

இவ்வழி புலவர்க்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டுச் சோதனைக்குப்பின் இதே கடலைக் கடந்தனர். ஒரே கடல் ஒருவர்க்குக் கல்வி வழியாகவும் மற்றவர்க்குப் பிழைப்பு வழியாகவும் இருந்தது.

இசையைத் தேடிய பயணம்

மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892-இல் பிறந்தவர் மயில்வாகனனார். சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்த ஆண்டும் அதுவே. காரைதீவு கண்ணகி கோயில் கொண்ட ஊர். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரான அவர், 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய அச்சங்கத்தின் தேர்வு, கடலுக்கு அப்பாலும் ஆசிரியர்களை உருவாக்கியது என்பதற்கு அவரே சான்று. 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, துறவு பூண்டு விபுலானந்த அடிகளானார். ஈழம் திரும்பிப் பள்ளிகளை நடத்தினார். 1931-இல் மீண்டும் தமிழகம் வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவரே முதல் தமிழ்ப் பேராசிரியர்.

இவ்வாறு இருகரைக்கும் இடையே சென்றுவந்த வாழ்வின் பயனாக விளைந்ததே யாழ்நூல். சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துணைகொண்டு, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்நூல் அரங்கேறிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

இடத்தைத் தேடிய பயணம்

ஏடும் இசையும் கிடைத்தபின் எஞ்சியது இடம். மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, பதினான்காம் நாளில் வானூர்தி ஏறினாள் என்பது காப்பியம் கூறும் செய்தி. அக்குன்றம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தமிழாசிரியர் சி. கோவிந்தராசனார் அதற்கான விடையை நூலகத்தில் மட்டும் தேடவில்லை. காப்பியத்தைக் கையில் கொண்டு, பூம்புகாரிலிருந்து கண்ணகியும் கோவலனும் சென்ற வழியிலேயே தாமும் நடந்தார். வையையைப் பின்பற்றி மேற்கே வந்து, 1963-இல் கூடலூருக்கு மேலுள்ள மலையுச்சியில், மக்கள் மங்கலதேவி கோயில் என வழங்கிய சிதைந்த கோட்டமே கண்ணகி கோட்டம் என்று நிறுவினார்.

அம்மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தோர்க்கு அக்கோயில் புதியதன்று. சித்திரை முழுநிலவில் அவர்கள் வழிபட்ட இடமே அது. ஆயினும் அந்த வழிபாட்டையும் காப்பியத்தையும் புலமையுலகில் இணைத்துக் காட்ட ஓர் ஆசிரியரின் கால்கள் தேவைப்பட்டன. கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவ்வாறெனின் கூடலூர் மலைக்கும் காரைதீவுக்கும் இடையே, போட் மெயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கவிதை ஒரு வழியைப் போட்டு வைத்திருந்தது எனலாம்.

வழி அறுந்த காலம்

கோட்டம் அடையாளம் காணப்பட்ட மறு ஆண்டே கிழக்கு வழிக்குப் பேரிடி விழுந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டி ஒன்று, அதிலிருந்தவர்களோடு கடலுக்கு இரையாயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. 1984-இல் ஈழத்துப் போர்ச் சூழல் அதனையும் நிறுத்தியது. கோடை விடுமுறையில் எளிய ஊதியத்தோடு கடல் கடந்து சென்று, உடன் ஆசிரியர்களைக் கண்டு, நூல்களைச் சுமந்து திரும்பும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போயிற்று. ஒரு கரையின் நூல் மறுகரையின் வகுப்பறைக்கு வருவது அரிதாயிற்று. இவ்விழப்பைக் கணக்கிட்டு எழுதியோர் இலர்.

காலம் மெல்ல மாறிவருகிறது. தலைமன்னார் இருப்புப்பாதை 2015-இல் சீராயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024-இல் மீண்டும் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த புகைவண்டி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பி வந்தது.

வழிகள் திரும்புகின்றன; நடப்போர் திரும்ப வேண்டும். சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுள் கண்ணகி கோட்டம் ஏறியவர் எத்தனை பேர்? ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே அங்குச் செல்ல மக்களுக்கு இசைவு உண்டு. பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்தோ குமுளியிலிருந்து வண்டியிலோ செல்ல வேண்டும். பத்தாண்டுகள் கவிதை வளர்த்த ஓர் இலக்கிய வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இப்பகுதி ஆசிரியர்களை அம்மலைக்கும், அடுத்துக் காரைதீவுக்கும் அழைத்துச் செல்லுமாயின், அறுந்த வழியின் ஒரு முனையேனும் மீண்டும் கட்டப்படும். அவ்வழியில் சென்று திரும்பிய ஆசிரியரிடம் பாடம் கேட்கும் மாணவர்க்கு, கண்ணகி நடந்த பதினான்கு நாளும் தம் ஊர்ச் சாலையாகவே விளங்கும்.