புதைத்த கணக்கு

எங்கள் ஊர் மீன்சுருட்டியிலிருந்து கும்பகோணம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலுக்கு அப்பால் மாளிகைமேடு. தொல்லியல் துறையினர் தோண்டியதில் அங்கே கூரை ஓடுகள் கிடைத்தன, சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வென்ற நாடுகள் வரிசையாக வரும். படை நடத்த என்ன செலவாயிற்று என்று அதில் ஒரு வரி கிடையாது. செலவைத் தேடுகிறவன் மண்ணைத்தான் தோண்ட வேண்டும்.

வீடியோ கேம் கம்பெனிகளுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. 'இத்தனை கோடி பெட்டி விற்றோம்' என்பது அது. அங்கேயும் மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள்.

1983 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அலமகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில், அட்டாரி நிறுவனம் லாரி லாரியாகக் கேசட்டுகளைக் கொட்டி மூடியது. முந்தைய ஆண்டு 'ஈ.டி.' படத்தை வைத்து அவசர அவசரமாகச் செய்த விளையாட்டும் அந்தக் குவியலில் இருந்தது. 2014-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது சுமார் 1,300 கேசட்டுகள் வெளியே வந்தன.

இது எப்படி நடக்கும் என்பது எங்கள் பக்கத்து உரக்கடைக்காரருக்குச் சொல்லாமலே புரியும். கம்பெனி லாரி வந்து கடையில் மூட்டையை இறக்கிவிட்டுப் போனால், கம்பெனிப் புத்தகத்தில் அது விற்பனை. கடைக்காரருக்கு அது குடோனில் கிடக்கும் மூட்டை. விவசாயி வாங்காவிட்டால் சரக்கு வந்த வழியே திரும்பும். விளையாட்டுப் பெட்டி (கன்சோல்) கம்பெனிகள் பெருமையாக அறிவிக்கும் எண்ணிக்கையில் பெரும்பகுதி இப்படிக் கடைக்கு அனுப்பிய கணக்குதான். வீட்டுக்குள் போன கணக்கு வேறு.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பெட்டியை அடக்க விலைக்கே, பல நேரம் அதற்கும் கீழே, விற்றுவிடுவார்கள். லாபம் விளையாட்டில். வேறு யார் விளையாட்டு தயாரித்தாலும் பிரதிக்கு இவ்வளவு என்று பெட்டிக்காரனுக்குக் கப்பம் கட்ட வேண்டும். விளையாட்டு வாங்காத வாடிக்கையாளருக்குப் பெட்டி விற்றால் நஷ்டம்தான் மிச்சம்.

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் பெட்டிக்கு 399 டாலர் என்றது. பிறகு சோனியின் ஸ்டீவ் ரேஸ் தங்கள் பிளேஸ்டேஷனுக்காக மேடை ஏறி '299' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். சேகா அதன் பிறகு எழவே இல்லை. அடுத்து வந்த ட்ரீம்காஸ்ட் 91 லட்சம் விற்றும் போதவில்லை. 2001 ஜனவரி 31-ல் பெட்டி செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். தலைவர் இசாவோ ஓகாவா தன் சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மார்ச் மாதம் இறந்தும் போனார்.

அந்த 1995 ஏப்ரலில்தான் சேகா இந்தியாவுக்குள்ளும் வந்தது. கூட்டாளி, மதுபானத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ். நேரே இறக்குமதி செய்தால் 80 சதவீதம் வரி. அதைச் சுற்றிப்போக இந்த ஏற்பாடு. அப்படியும் சேகாவின் மெகா டிரைவ் பெட்டி 18,000 ரூபாய். கலர் டிவிக்கே தவணை பார்த்த காலத்தில் அதை யார் வாங்குவார்?

அப்படியானால் மீன்சுருட்டிக்கு வந்த பெட்டி எது?

ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ விற்ற ஃபேமிகாமின் நகல். இந்த நகலுக்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் அமெரிக்காவுக்குப் போன நின்டெண்டோ பெட்டியில் பூட்டுச் சில்லு ஒன்று இருந்தது, கம்பெனி ஒப்புதல் இல்லாத கேசட்டை அது ஓடவிடாது. ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. கதவு திறந்த வீடு. தைவானில் உள்சில்லை நகலெடுத்தார்கள், சீனாவில் பெட்டி குவிந்தது. ரஷ்யப் பிள்ளைகளுக்கு அது 'டெண்டி'. எங்களுக்கு வெறும் 'டிவி கேம்'.

மஞ்சள் கேசட். மேலே '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். இரண்டு பக்கம் தாண்டினால் முதலில் பார்த்த மரியோவும் காண்ட்ராவும் வேறு பெயரில் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் ஊத வேண்டும். 'ஸ்டார்ட்' பொத்தான் முதல் ரிமோட்டில் மட்டும்தான். அதனால் அண்ணன் கையில் எப்போதும் முதல் ரிமோட், தம்பி கையில் இரண்டாவது. எங்கள் வீட்டில் நான் தம்பி.

2006 செப்டம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட் அந்த மாதம் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இந்தியாவில் இறக்கியது. விளம்பரத்துக்கு அக்ஷய் குமார், யுவராஜ் சிங். விலை 19,990 ரூபாயிலிருந்து. அதே மாதம் அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. திட்டம் முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் டிவிப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. சில நூறு ரூபாய் டிவி கேமைச் செருக எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு திரை வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்றுகூட வரவில்லை.

பெரிய கம்பெனிகளின் புத்தகம் அப்போது எப்படி இருந்தது? சோனி பிளேஸ்டேஷன் 3-ன் உயர்ந்த மாடலை 599 டாலருக்கு விற்றது. பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், அடக்கமே 840 டாலர் வரும் என்றது. 2007 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சோனியின் கேம் பிரிவுக்கு 23,230 கோடி யென் நஷ்டம். மைக்ரோசாப்டுக்கு வேறு வியாதி: பெட்டி சூடேறி, முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்தது. உத்தரவாதத்தை நீட்டிக்க 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். நின்டெண்டோவின் வீ பழைய, மலிவான சில்லில் ஓடியது. படத் தெளிவைக் கேலி செய்தார்கள். ஆனால் பெட்டியை விற்ற அன்றே அதில் லாபம். 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் கம்பெனியின் செயல்பாட்டு லாபம் 55,500 கோடி யென்.

கடைசியில் வீ 10 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 3 எட்டே முக்கால் கோடிக்குப் பக்கம், எக்ஸ்பாக்ஸ் 360 எட்டரைக் கோடிக்குப் பக்கம். எண்ணிக்கையில் இரண்டாமிடத்துக்கு நடந்த இந்தச் சண்டையைப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. இருவரும் அதற்குக் கொட்டிய பணத்தைப் பார்த்தால், என் கணக்கில் அந்தப் போரில் ஜெயித்தது நின்டெண்டோ ஒன்றுதான்.

2015-ல் மைக்ரோசாப்ட் பெட்டி எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திக்கொண்டது. 2021-ல், விளையாட்டு நிறுவனமான எபிக் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாப்ட் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் எப்போதுமே லாபம் பார்த்ததில்லை என்றார். மெய்க்கீர்த்தியில் விடுபட்ட வரி நீதிமன்றக் கூண்டில் வந்தது.

ஃபேமிகாமையும் அதன் அமெரிக்க வடிவத்தையும் சேர்த்து நின்டெண்டோ காட்டும் எண்ணிக்கை 6 கோடியே 19 லட்சம். எங்கள் தெருவில் ஓடிய ஒரு பெட்டிகூட அதில் இல்லை. கப்பமும் போகவில்லை, கணக்கிலும் ஏறவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு டிவி கேம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் என்ன பெயர், எந்த நாடு, எந்தச் சந்தையில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு கடிதம் போடுங்கள். எழுதப்படாத அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நாம் எழுதுவோம்.