ஜோஜி லாவில் தடம் போட்ட தம்பிகள்

வங்கிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் செய்தாலும் முதலில் பட்டியல் போடுவான். ஈஜிபுராவில் எங்கள் அடுக்ககத்தின் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் லடாக் போவதாக முடிவானதும், அந்த வேலை அடியேன் தலையில்தான் விழுந்தது. ஆளுக்கு ஒரு ஸ்டெப்னி கூடுதல், காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு, மண்வெட்டி, டீசல் கேன், மருந்துப் பெட்டி, பருப்புப் பொடி (இது மட்டும் வீட்டம்மாவின் உத்தரவு!).

பெங்களூரிலிருந்து லே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீநகர் வழியாக ஏறினால் ஜோஜி லா கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் சுமார் 11,500 அடி. அந்தச் சாலையைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான், 1948-இல் அங்கே நடந்த ஒரு பயண ஏற்பாடு கண்ணில் பட்டது. அதன் முன்னால் நம் பட்டியலெல்லாம் மளிகைச் சீட்டு!

கதை இதுதான். 1948 கோடையில் கார்கிலும் திராஸும் பாகிஸ்தான் தரப்பின் கைக்குப் போய்விட்டன. ஜோஜி லாவும் அவர்கள் வசம். லேவுக்குத் தரைவழி அடைபட்டுவிட்டது. ஆகாய வழியாகக் கொஞ்சம் ஆட்களையும் சாமான்களையும் இறக்க முடிந்தது, அவ்வளவுதான். செப்டம்பரில் காலாட்படை கணவாயைப் பிடிக்க முயன்றது. மேலே பாறைகளுக்குள்ளிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் அந்த முயற்சி தோற்றது. இன்னும் சில வாரங்களில் பனி மூடிவிடும். மூடினால் லே தனித்துவிடும்.

அப்போதுதான் டாங்கிகளை மேலே ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். படைப்பிரிவின் தளபதி, குடகுக்காரரான மேஜர் ஜெனரல் திம்மையா. டாங்கிகள் 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் வகை. (இந்த ரெஜிமென்ட்டின் பூர்வீகமும் நம்ம பக்கம்தான். 1784-இல் மெட்ராஸ் குதிரைப்படையாகத் தொடங்கியது.) ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 டன். வழியில் இருந்த பாலங்களோ அந்தப் பாரத்தைத் தாங்காதவை. என்ன செய்தார்கள்? பாகங்களைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, பாலங்களில் வின்ச் வைத்து இழுத்து, சத்தமில்லாமல் ஸ்ரீநகரைக் கடந்து கொண்டுபோனார்கள்.

சரி, பாலத்தைத் தாண்டியாயிற்று. கணவாயில் ஏற வழி? அங்கே இருந்தது கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. அதை ஜீப் போகும் தடமாக அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், மேலே எதிரி. இதற்கு நடுவே சில வாரங்களில் வேலையை முடித்தார்கள். எங்கள் ஈஜிபுரா மேம்பாலம் இரண்டரை கிலோமீட்டர்தான். 2017-இல் தொடங்கி எத்தனை வருஷம் தூண்களாகவே நின்றது என்று இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும் :-)

நவம்பர் 1-ஆம் தேதி டாங்கிகள் அந்தத் தடத்தில் ஏறின. திம்மையாவே முன் டாங்கியில் இருந்தார் என்பார்கள். அவ்வளவு உயரத்துக்கு டாங்கி வரும் என்று மேலே இருந்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. கணவாய் அன்றே கைக்கு வந்தது. நவம்பர் 24-இல், லேயிலிருந்து வந்த படையோடு கார்கிலில் கை கோத்தார்கள்.

இதில் வண்டி கட்டுகிற நமக்கு என்ன பாடம்? மூன்று சொல்லலாம். ஒன்று, வண்டியின் பலத்தைப் பார்க்கும் முன் பாதையின் பலத்தைப் பார். இரண்டு, பாரத்தைக் கூட்டுவதல்ல, கழற்றுவதுதான் ஏற்பாடு. இதைப் படித்த பிறகு எங்கள் பட்டியலில் பாதி அடிபட்டது. மூன்று, தேதியை முடிவு செய்வது நம் லீவு அல்ல, பனி. முன்பெல்லாம் இந்தக் கணவாய் வருஷத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கும். 1960-இல் உருவான எல்லைச் சாலை நிறுவனம் பனியை வெட்டி வெட்டி அதைக் குறைத்திருக்கிறது. கணவாய்க்குக் கீழே சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு 2020 அக்டோபரில் வேலை தொடங்கியது. இருந்தாலும் உயரம் உயரம்தான். லே போய்ச் சேர்ந்ததும் குழந்தைகளோடு இரண்டு நாள் சும்மா இருக்கத்தான் வேண்டும்.

என் மனதை உறுத்துவது வேறு. ஜோஜி லா என்றால் எல்லோரும் டாங்கியைச் சொல்கிறார்கள். தடம் போட்டவர்களைச் சொல்வது குறைவு. சாப்பர்ஸின் தலைமையகம் இதே பெங்களூரில்தான். அல்சூர் ஏரிப் பக்கம் போகும்போது பார்க்கிற அந்த எம்.இ.ஜி. வளாகம்தான் அது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிற தென்னாட்டுப் பிள்ளைகள் சேர்கிற படை. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'. பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து போய், அந்த மலையில் கடப்பாரை பிடித்திருக்கிறார்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு வரலாறும் முழுசாகத் தெரியாது, இந்த ஊர் வரலாறும் தெரியாது. லடாக் போகிற குடும்பங்கள் ஜோஜி லா வளைவில் போட்டோ எடுக்கும்போது ஒரு நிமிஷம் ஒதுக்கிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்த வழியில் முதலில் வண்டி ஏற வழி செய்தவர்கள், நாம் தினமும் கடந்து போகும் அல்சூரிலிருந்து போன தம்பிகள் என்று.