ஒத்துக்கொள்ளாமலே துணை நின்ற கைடு

போன மாசம், கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்.டி இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணா, கைடு சொல்ற வழியில ரிசல்ட் வராதுன்னு தோணுது. சொன்னா கோவிச்சுப்பாரு. சொல்லாம இருந்தா நாலு வருஷம் வீணாப் போயிடும். என்ன பண்றது?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் ராஜ் ரெட்டியின் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை இங்கே குறித்து வைக்கிறேன்.

ராஜ் ரெட்டி 1937-ல் ஆந்திராவின் காட்டூரில் பிறந்தவர். 1958-ல் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்தார். படித்தது சிவில். பிறகு ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, அங்கேயே ஐபிஎம்மில் வேலை. அதன்பின் ஸ்டான்ஃபோர்ட் போய் 1966-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அவருடைய கைடு ஜான் மெக்கார்த்தி. லிஸ்ப் மொழியை உருவாக்கியவர், தர்க்கத்தில் ஊறியவர். மாணவர் எடுத்துக்கொண்டதோ பேச்சொலியைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலை. கைடின் துறை வேறு, மாணவரின் தலைப்பு வேறு. இது முதல் விஷயம்.

1969-ல் ரெட்டி கார்னகி மெலனுக்கு வந்தார். 1971-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிதி அமைப்பான தார்ப்பா, ஆயிரம் சொற்களைப் புரிந்துகொள்ளும் கருவி வேண்டும் என்று ஐந்து வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ரெட்டி குழுவின் பிரதான முயற்சி ஹியர்சே. ஒலிக்கு ஒரு நிரல், இலக்கணத்துக்கு ஒரு நிரல், பொருளுக்கு ஒரு நிரல் என்று தனித்தனி நிபுணர்கள். எல்லாரும் தங்கள் ஊகத்தை ஒரே கரும்பலகையில் எழுதி, பேசப்பட்டது என்னவென்று சேர்ந்து முடிவு பண்ணுவது போன்ற அமைப்பு.

அதே கூடத்தில் ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் வேறு பாதை எடுத்தார். நிபுணர் வேண்டாம், எல்லாவற்றையும் நிகழ்தகவுக் கணக்காக்கு என்பது அவர் கட்சி. அவருடைய அமைப்பின் பெயர் டிராகன், 1975-ல் பட்டம். அடுத்து புரூஸ் லோவர் என்ற இன்னொரு மாணவர் ஹியர்சேயில் கொஞ்சம், டிராகனில் கொஞ்சம் எடுத்து ஹார்ப்பி என்று ஒன்றைச் செய்தார். 1976-ல் திட்டம் முடியும்போது 1,011 சொற்களோடு தார்ப்பா வைத்த இலக்கைத் தொட்டது இந்த ஹார்ப்பிதான். பாருங்க, ஒரே கைடின் கீழே ஒன்றுக்கொன்று போட்டியான மூன்று அமைப்புகள். டிராகனை அன்றைக்கே மூட்டை கட்டியிருந்தால் ஹார்ப்பி வந்திருக்காது.

கதை அதோடு முடியவில்லை. ஹார்ப்பிக்கு முன்கூட்டியே பழக்கிய சிலரின் குரல்தான் புரியும். யார் பேசினாலும் புரிய வேண்டும் என்பது அடுத்த கனவு. 1983-ல் வந்து சேர்ந்த கை-ஃபு லீயிடம் அந்த வேலை போனது. ரெட்டி சொன்ன வழி மறுபடியும் நிபுணர் அறிவை விதிகளாக்குவது. லீ முதலில் அந்த வழியில்தான் உழைத்தார். பிறகு, இது பெரிய அளவுக்குத் தாங்காது, புள்ளியியல் பக்கம் போகிறேன் என்று கைடிடமே போய்ச் சொன்னார். ரெட்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை. உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் உனக்குத் துணை நிற்பேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக லீ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெறும் வார்த்தையாக அது நிற்கவில்லை. கணக்குப் போட இயந்திரங்களும், பயிற்சிக்குத் தேவையான குரல் பதிவுகளும் வந்து சேர்ந்தன.

1988-ல் லீயின் ஸ்பிங்க்ஸ் முடிந்தது. 997 சொற்கள், தொடர்ச்சியான பேச்சு, யார் வேண்டுமானாலும் பேசலாம். இலக்கணக் கட்டுப்பாடு இருந்தால் 96 சதவீதம் வரை சரி. கட்டுப்பாடே இல்லாவிட்டால் 71 சதவீதம். கைடு நம்பாத வழி ஜெயித்தது. அந்த வழியின் ஒரு வேர் அதே கூடத்தில் பேக்கர் ஊன்றிப் போனதுதான் என்பதையும் கவனிக்கணும். 1994-ல் ரெட்டிக்கு டூரிங் விருது கிடைத்தது, எட்வர்ட் ஃபைகன்பாமோடு சேர்த்து.

இதை ஒரு நல்ல மனுஷரின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கதைதான். அந்தத் துறையின் ஏற்பாடும் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே மாணவர் சேர்ந்த அன்றே கைடு முடிவாவதில்லை. முதல் சில வாரங்கள் எல்லா ஆசிரியர்களும் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவார்கள். கேட்ட பிறகுதான் ஜோடி சேர்ப்பது. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஆசிரியர்கள் மொத்தமாக உட்கார்ந்து ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பேசுவார்கள். அதற்குக் கறுப்பு வெள்ளி என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும், மாணவரின் தலையெழுத்து ஒரே ஒருவர் கையில் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். நம்ம ஊரில் பெரும்பாலும் அது ஒரே கையெழுத்தில் தொங்குகிறது. தம்பியின் பயம் கோழைத்தனம் இல்லை.

இன்னொன்று, பணம். தார்ப்பா நிதி இருந்ததால் ரெட்டியால் நம்பாத வழிக்கும் இயந்திரம் தர முடிந்தது. எல்லாக் கைடுக்கும் அது வாய்க்காது.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். "லீ முதல்ல கைடு சொன்னதைச் செஞ்சு பார்த்துட்டுத்தான் மாற்று வழி கேட்டாரு. நீயும் ரெண்டு வழியையும் சின்ன அளவுல ஓட்டி, நம்பரோட போய்ப் பேசு. அவர் தப்புன்னு ஆரம்பிக்காதே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவரு ரெட்டி இல்லையேண்ணா" என்றார். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கைடின் பேப்பர் எண்ணிக்கையை அப்புறம் பாருங்க. அவருடைய பழைய மாணவர்களில், அவரோடு ஒத்துப்போகாமலே நல்லபடியாக முடித்தவர் ஒருவராவது உண்டா என்று முதலில் விசாரிங்க.