கபோஷான் சாணைக் கருவிகள் (வீட்டுப் பயன்பாடு)

மணிக்கற்களை மேற்புறம் குவிந்து அடிப்புறம் தட்டையான கபோஷான் வடிவில் இழைத்து மெருகேற்ற வீட்டில் பயன்படும், விலை குறைந்த சாதனங்கள். பட்டை தீட்டத் தேவைப்படும் கோண அளவுப் பொறி இவற்றில் இல்லை. மலிவுக்கு அதுவே முதற்காரணம். அகேட், ஓப்பல், சந்திரகாந்தம் போன்றவை இம்முறையில் இழைக்கப்படுகின்றன. வைடூரியத்தின் ஒளிக்கோடு துலங்குவதும் இவ்வடிவில்தான்.

மிக மலிவானது வைர முனை பொருத்திய கைச்சுழல் கருவி. ஆனால் கல்லின் பரப்பு அலையலையாகிவிடும். கிடைத்தட்டுச் சாணையில் விளிம்பு வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் தேயும். செங்குத்துச் சக்கரங்கள் வரிசையாக அமைந்த இயந்திரம் விலை கூடியது, வேலைக்கு எளிது.

கல்லைக் குச்சிமுனையில் அரக்கால் ஒட்டி, 80ஆம் எண் சாணையில் உருவம் கொடுத்து, 220, 600, 1200, 3000 என நுண்மை கூட்டுவர். மெருகில் தலைகாட்டும் கீறல் பெரும்பாலும் 220இலேயே தீராமல் விடப்பட்டதாக இருக்கும். குவார்ட்ஸ், ஓப்பல் கற்களுக்குக் கம்பளத்தட்டில் சீரியம் ஆக்சைடும், மாணிக்கம், நீலம் ஆகியவற்றுக்கு வைரப்பசையும் மெருகுப்பொருள்கள். நீர் தொடர்ந்து சொட்டவேண்டும்: அது கல்லின் சூட்டைத் தணிக்கும், நுரையீரலைக் கெடுத்துச் சிலிக்கோசிஸ் நோய் தரும் தூசியையும் அடக்கும்.

இலங்கையில் வில்லால் சுழற்றும் கைச்சாணை மரபாக வழங்கியது. எட்வர்ட் அச்செசன் 1891இல் செயற்கையாக உருவாக்கிய சிலிக்கன் கார்பைடு சாணைப்பொருளை மலிவாக்கியது. 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவான செயற்கை வைரம், பின்னாளில் வைரப்பூச்சுச் சக்கரங்களை வீட்டுப் பட்டறைக்கும் எட்டச் செய்தது.