சைனாபேயின் ஆறு பிறவிகள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், எங்கள் அலுவலக மேசைக்குக் கீழே ஒரு கொம்பியூட்டர் ஓடுகிறது. கோப்புகளைக் காக்கும் சேர்வர். பெயர் சைனாபே, சீனன்குடாக்காரத் தம்பி ஒருவன் வைத்தது. உப்புக்காற்று இதுவரை மூன்று பெட்டிகளைத் தின்றுவிட்டது, ஹார்ட்டிஸ்கும் இரண்டு முறை மாறிவிட்டது. ஆனால் உள்ளே ஓடுவது, 2012 ஜனவரியில் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0 ஆகப் போட்ட அதே சிஸ்டம்தான். ஒருமுறைகூட அழித்துப் புதிதாய்ப் போட்டதில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் மூலநிரலை இறக்கி, இங்கேயே கம்பைல் பண்ணி ஏற்றுகிறோம்.

கட்டிவைத்ததை அப்படியே இறக்கிப் போடவும் வழி உண்டு. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப்பெயர் கொண்ட எச்.எம்.எஸ். டிரிங்கோமலி போர்க்கப்பலின் கதைதான் அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதன் வரைபடங்களை பம்பாய்க்கு ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பல், 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரிடம் தோற்று எரிந்தது. பிரதி எடுத்து மறுபடி அனுப்பினார்கள். வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817 ஒக்டோபரில் கடலில் இறக்கிய அந்தக் கப்பல், இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியில், சிஸ்டத்தின் மையமான கர்னல் தவிர்ந்த எல்லாவற்றுக்கும் 'வேர்ல்ட்' என்று பெயர். முதலில் உலகத்தையும் கர்னலையும் கட்டவேண்டும். பிறகு கர்னலை மட்டும் ஏற்றி ரீபூட். அதற்குப் பின்தான் உலகம். புதிய கர்னலுக்குப் பழைய புரோகிராம்களின் பேச்சு விளங்கும். பழைய கர்னலுக்குப் புதியவை கேட்பது விளங்காது. 12.0க்குப் போகும்போது கோப்பு எண்கள் 32 பிட்டிலிருந்து 64 ஆகின. அங்கே இந்த வரிசையை மாற்றியவருக்கு 'எல்எஸ்' என்ற சின்னக் கட்டளைகூட ஓடாமல் போகும்.

நான் அடிபட்டது அதற்கு முந்தி, 2014இல், 10.0க்குத் தாவியபோது. பழைய அமைப்புக் கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எது வேண்டும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கும் மேர்ஜ்மாஸ்டர். நள்ளிரவுத் தூக்கத்தில் கடவுச்சொல் கோப்புக்கும் 'ஐ', அதாவது புதியதையே போடு, என்று தட்டிவிட்டேன். ரீபூட் ஆனால், அலுவலகத்தில் ஒருவர் பெயரும் இல்லை. ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் இல்லை, யாரும் நுழையலாம்! சிஸ்டம் தானாகவே நாள்தோறும் எடுத்துவைக்கும் பிரதி ஒன்று காப்பாற்றியது.

மிச்சத் தாவல்களில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, 2022 மார்ச்சைத் தவிர. நாட்டில் டீசல் இல்லை. மாத முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. எங்கள் பழைய பெட்டியிலோ 13.0இன் உலகத்தைக் கட்ட ஒரு முழுநாள் வேண்டும், பாதிக்கு மேல் கிளாங் கம்பைலருக்கே. யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். கரண்ட் வரும், 'நோ கிளீன்' போட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன், கரண்ட் போகும். மூன்றாம் நாள் இணைக்கும் கட்டத்தில் பிழை. தேடிப் பார்த்தால், கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு ஒன்று பெயரோடு கிடக்கிறது, அளவு பூச்சியம். அப்படிப்பட்டவற்றை எல்லாம் தேடி அழித்தேன், பதினேழு இருந்தன. ஐந்தாம் நாள் விடியப்புறம் முடிந்தது. கோணேசர் கோவில் மணி கேட்டது.

போன வருடம் 14. இப்போது சைனாபேயில் 2012இல் கட்டிய புரோகிராம் ஒன்றுகூட இல்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும், பிரின்டரின் முகவரிக்கு மேலே, இங்கிலீஷ் எழுத்தில் சீனன்குடாத் தம்பி எழுதிய ஒரு தமிழ் வரி பதிப்புக்குப் பதிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது: 'இதைத் தொடாதே.' தம்பி கனடாவில். பிரின்டர் பழைய இரும்புக்குப் போய் எட்டு வருடம். நான் இன்னும் தொடவில்லை.