ஆரியபடரின் அரைநாண் விதியும் அதன் வகுக்கும் எண்ணும்

ஒரு வில்லின் இருமடங்கிற்குரிய நாணின் பாதியை அரைநாண் என்பர். அதனை ஆரத்தால் வகுக்க வரும் பின்னமே இக்காலத்தார் சைன் என வழங்குவது. ஆரியபடர் கி.பி. 499-ஐக் காலக்குறிப்பாகக் கொண்ட ஆரியபடீயத்துள், கால்வட்டத்தை 225 கலை கொண்ட 24 கூறுகளாக்கி, அடுத்தடுத்த அரைநாண்களின் வேறுபாடுகளை ஒரே செய்யுளில் தொகுத்துரைத்தார். அவர் கொண்ட ஆரம் 3438 கலை.

அந்நூலின் கணிதபாதம் இவ்வேறுபாடுகளுக்கு ஒரு கழித்தல் விதியும் தருகின்றது. உரைகாரர் அதற்குப் பலவாறு பொருள் கூறினும், பெரிதும் வழங்குவது இது: அதுவரை கிடைத்த அரைநாணை முதல் அரைநாணால் வகுத்து, அப்பின்னத்தை இறுதி வேறுபாட்டினின்று கழிக்க, அடுத்த வேறுபாடு வரும். முதலாவது 225. 225-ஐ 225-ஆல் வகுக்க 1, கழிக்க 224. இரண்டன் கூட்டுத்தொகை 449, வகுக்க ஏறத்தாழ 2, கழிக்க 222. இங்ஙனமே 219, 215, 210 என்பன வரும்.

இவ்விதியினின்றே அட்டவணை பிறந்தது எனக் கொள்வாரும் உளர். அக்கொள்கை ஆராயத்தக்கது. ஆறாம் அரைநாண் 1315. அதனை 225-ஆல் வகுக்க ஈவு 5, மீதி 190. அண்மை முழுவெண் 6 ஆதலின் அடுத்த வேறுபாடு 204 ஆதல் வேண்டும். நூலிலோ 205 எனக் காண்கின்றோம். பின்னங்களை விடாது கொண்டு கணித்தாலும் இருபத்துநான்காம் அரைநாண் ஏறத்தாழ 3375 ஆகின்றது. ஆரத்தினும் 63 கலை குறைவு. எனவே அட்டவணை இவ்விதியால் மட்டும் ஆக்கப்பெற்றதன்று என்பது தெளிவு.

பின் எவ்வாறு வந்தது? விதிக்கு முந்திய செய்யுள், கால்வட்டத்தைப் பகுத்து முக்கோணங்களாலும் நாற்கோணங்களாலும் அரைநாண் காணுமாறு கூறுகின்றது. அட்டவணையின் எட்டாம் அரைநாண் 1719, ஆரத்தின் சரிபாதி; முப்பது பாகைக்கு வடிவியல் தரும் அளவும் அதுவே. விதிவழிக் கணக்கோ 1717 அளவிலே நிற்கும். ஆதலின் வடிவியலே அட்டவணைக்கு மூலம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

குறை கழித்தல் முறையில் இல்லை; வகுக்கும் எண்ணிலேயே உள்ளது. வேறுபாடுகள் குறையும் அளவு அரைநாணுக்கு நேர்விகிதமானது என்பது உண்மை. அவ்விகிதத்தை உறுதிசெய்வது கூறின் அளவேயன்றி முதல் அரைநாண் அன்று. இதனைச் செம்மை செய்த பெருமை கேரளக் கணித மரபினர்க்கு உரியது. 1500-ஐ ஒட்டி எழுந்த தந்திரசங்கிரகத்துள் நீலகண்ட சோமயாஜி முதல் அரைநாணை 224 கலை 50 விகலை எனவும், வகுக்கும் எண்ணை 233½ எனவும் கொண்டார். அவ்வாறு கணிக்க இறுதி அரைநாண் ஏறத்தாழ 3437½ ஆகி ஆரத்தோடு ஒத்து நிற்கின்றது.

விதியின் அமைப்பைக் கண்டவர் ஆரியபடர். அதன் எண்ணைத் திருத்த ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அட்டவணையையும் விதியையும் ஒன்றாக்கி உரைப்பின் இவ்விரு பணிகளும் மறைந்துவிடும். ஆகலின், நூல் தரும் எண்களைத் தாமே ஒருமுறை கணித்துப் பார்த்த பின்னரே வரலாறு எழுதுதல் ஆய்வாளர் கடன் என்க.